சித்தாமூரும் அதன் ஆறு ஊர்களும்: திண்டிவனம் பகுதியில் ஒரு சமணத் திருமடம் நிலைத்த வரலாறு

டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் திண்டிவனம் தாலுகாவின் சமணர்களைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. செஞ்சிக் கோட்டைக்கு ஒதுக்கிய இடத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம்தான். ஆனால் அந்தச் சில பக்கங்களில் பிரான்சிஸ் ஒரு கருத்தை அழுத்திச் சொல்கிறார்: இந்து மடங்களின் குருமார்களுக்குச் சீடர்களிடம் செல்வாக்கு தேய்ந்துவரும் காலத்தில், சித்தாமூர் சமண மடாதிபதியின் சொல்லுக்கு அவருடைய மக்களிடம் இன்னும் மெய்யான மதிப்பு இருக்கிறது. மாவட்டத்தின் வரி, பயிர், பஞ்சம், சாதி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த ஓர் அதிகாரிக்கு இது வியப்பாகப் பட்டிருக்கிறது. ஒரு சிற்றூர். அதைச் சுற்றிச் சில விவசாயக் கிராமங்கள். கையில் படையோ ஆட்சியோ இல்லாத ஒரு துறவி. இந்த ஏற்பாடு எப்படி உருவானது, எதனால் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இன்று மேல்சித்தாமூர் என்று வழங்கும் அந்த ஊர், திண்டிவனத்துக்கு வடமேற்கே செஞ்சி வட்டாரத்தில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்குதான் உள்ளது. கெசட்டியர் எழுதப்பட்டபோது செஞ்சியும் திண்டிவனம் தாலுகாவுக்குள்தான் இருந்தது. ஆகவே பழைய ஆவணங்களில் ‘திண்டிவனம் தாலுகா’ என்று வருவதை இன்றைய வட்ட எல்லையை வைத்துப் படிக்கக் கூடாது.

சிற்றூர் வரலாறு எழுதுவதில் இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணைப்படி, ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் தன் எல்லைக்குள் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. நானூறு ஐந்நூறு பேர் வாழ்ந்த குக்கிராமத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்ப்பட்டியல் கிடைக்கிறது. டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டில் உள்ளூர் வரலாற்றைத் தனித்துறையாகவே வளர்த்தெடுக்க அந்த ஏடுகளும் அடித்தளமாயின. சித்தாமூருக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. பாறைச் சிற்பம், சில கல்வெட்டுகள், வாய்மொழிக் கதை, வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்பு, இவற்றோடு யாருக்கு முதல் தாம்பூலம் என்பது போன்ற வழக்கங்கள்தான் சான்று. ஆங்கிலப் பங்கின் வரலாற்றை ஏடு சொல்கிறதென்றால், சித்தாமூரின் வரலாற்றைப் பெரும்பாலும் மரியாதை முறைகளிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் சமணம் மடத்தைவிட மிகப் பழையது. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதே குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் என்ற துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் சிறு கல்வெட்டு உண்டு. வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்தின் எழுத்தமைதி கொண்டது அது. கல்வெட்டு அறிஞர்கள் அதை ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். பிற்காலத்தில் இளைய பட்டாரர் என்ற இன்னொரு துறவி முப்பது நாள் நோன்பிருந்து அங்கேயே இறந்ததற்கும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள். ஆனாலும் வடக்கிருப்பதற்கு அதே குன்றைத்தான் தேடி வந்திருக்கிறார்கள்.

மேல்சித்தாமூரிலும் தொடக்கம் ஒரு பாறைதான். மலைநாதர் கோயிலுக்குள் உள்ள பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர் ஆகியோரையும் இயக்கி அம்பிகையையும் புடைப்புச் சிற்பங்களாகக் காணலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கலை வரலாற்றாளர் கணிக்கும் இந்தச் சிற்பங்களில் அம்பிகைக்குத் தீர்த்தங்கரர்களுக்கு இணையான இடம் கிடைத்திருப்பது கவனிக்கத்தக்கது. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இவளைத் தருமதேவி என்று அழைக்கின்றன. அருகனிடம் வேண்டுதல் வைக்க முடியாது. அவர் வீடுபேறு அடைந்தவர், பக்தனுக்கு எதையும் தருபவரும் அல்லர், பறிப்பவரும் அல்லர். பிள்ளைப்பேறுக்கும் விளைச்சலுக்கும் இயக்கியிடம்தான் போயாக வேண்டும். உழுது பிழைக்கும் ஊரில் ஒரு துறவு நெறி வேர் பிடித்ததில் இவளுடைய பங்கு சிறிதல்ல.

மடம் வந்தது மிகப் பிந்தி. அதன் பெயரிலேயே இருக்கும் ஜினகாஞ்சி, காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றத்தைக் குறிக்கும். பல்லவர் காலம் தொட்டு அது பேர்பெற்ற சமணத் தலம். விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி அங்கே சங்கீத மண்டபத்தை 1387இல் எடுப்பித்தார். அந்த மரபின் தலைமைதான் பிறகு சித்தாமூருக்கு வந்தது என்பது மடத்தின் வரலாறு. தில்லி, கோலாப்பூர், ஜினகாஞ்சி, பெனுகொண்டா என்ற நான்கு பீடங்களைச் சேர்த்துச் சொல்லும் திகம்பர மரபு ஒன்று உண்டு. கோலாப்பூர் பட்டாரகருக்கும் சித்தாமூர் பட்டாரகருக்கும் லட்சுமிசேனர் என்ற ஒரே பட்டப்பெயர் வழங்குவது அந்தத் தொடர்பின் தடயம்.

பட்டாரகர் யார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திகம்பரத் துறவி ஆடை துறந்தவர், ஓரிடத்தில் தங்காதவர், காசைத் தொடாதவர். நிலம், சுவடி, திருவிழா, வழக்கு என்று உலகியலில் கைவைக்க அவரால் முடியாது. இடைக்காலத்தில் அந்த வேலைகளுக்காக உருவானவரே பட்டாரகர். காவி உடுத்தி மடத்தில் தங்கி, கோயிலையும் சமூகத்தையும் நிர்வகிப்பவர். இதைத் துறவின் சரிவு என்று குறைகூறியவர்கள் வடநாட்டுத் திகம்பரர்களிடையே உண்டு. தமிழ்நாட்டு நிலையை வைத்துப் பார்த்தால் அந்தக் குறை எனக்கு ஏற்புடையதாக இல்லை. நிர்வாண முனிவர்கள் இந்தப் பக்கம் வராத நூற்றாண்டுகளில், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு துறவி இருந்ததால்தான் கோயில்களில் பூசை நின்றுபோகவில்லை.

சித்தாமூருக்கு வந்து சேர்ந்தது காஞ்சியின் மரபு மட்டுமல்ல. மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டி நேமிநாதருக்கு ஒரு கோயில் இருந்தது. குணவீர பண்டிதரின் ‘நேமிநாதம்’ என்ற இலக்கண நூலுக்கு அந்த நேமிநாதர் பெயர்தான். அவிரோதி ஆழ்வார் பாடிய திருநூற்றந்தாதியும் அவர்மேல்தான். கடல் பொங்கி ஊருக்குள் வரும் என்ற அச்சத்தில் அந்தத் திருமேனியைச் சித்தாமூருக்குக் கொண்டுவந்தார்கள் என்ற செவிவழிச் செய்தியை மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். நகரங்களில் இடம் சுருங்கச் சுருங்க, சமணத்தின் எஞ்சிய உடைமைகள் உள்நாட்டு ஊர் ஒன்றில் வந்து குவிந்தன என்பதே இதிலிருந்து தெரியும் வரலாற்றுப் போக்கு.

இனி, சித்தாமூர் வரலாற்றில் எல்லாரும் சொல்லும் கதைக்கு வருவோம். கெசட்டியரிலும், அதைத் தொடர்ந்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் தொகுப்பிலும் அது இருக்கிறது.

1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்ற தலைவன், தாழ்ந்த குலம் என்று பிறர் கருதிய பிரிவைச் சேர்ந்தவன். பிராமணர்களிடம் பெண் கேட்டான். சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்றார்கள் அவர்கள். சமணர்களிடம் கேட்டான். கூடிப் பேசி, ஒரு பெரியவர் சம்மதிப்பதுபோல் நடித்தார். முகூர்த்த நாளில் தலைவன் வந்து பார்த்தால் வீடு காலி. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் மட்டும் கட்டியிருந்தது. சமணர் தலைகளை எல்லாம் வெட்டச் சொல்லி ஆணை பிறந்தது. சிலர் வெட்டுண்டார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் மறைவாக வழிபட்டார்கள். பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிச் சைவரானார்கள். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அவர்கள் வழியினருக்கு நிலைத்தது.

கொஞ்ச காலம் கழித்து, திண்டிவனத்துக்கு அருகே வேலூர் என்ற சிற்றூரில், கோட்டை வேலூர் அல்ல, ஒரு கிணற்றுக்குள் சமண முறைப்படி அனுட்டானம் செய்துகொண்டிருந்த வீரசேனாசாரியரைச் சேவகர்கள் பிடித்துப் போனார்கள். அன்று தலைவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகிழ்ச்சியில் விட்டுவிட்டான். தலை தப்பிய வீரசேனர் துறவு பூண்டு சிரவணபெளகொளவுக்குப் போய் நூல்களைக் கற்றார். இதற்கிடையே தாயனூர் காங்கேய உடையார் தப்பி ஓடி உடையார்பாளையம் ஜமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்து நிலமும் பெற்றிருந்தார். பின்புலம் உறுதியானதும் அவர் சிரவணபெளகொளவுக்குப் போய் வீரசேனரை அழைத்துவந்தார். இருவருமாகச் செஞ்சிச் சீமையில் ஊர் ஊராகச் சென்று, நீறு பூசியவர்களைத் திரும்ப அழைத்துப் பூணூல் அணிவித்தார்கள். வீரசேனர் கடைசியில் வேலூரிலேயே காலமானார். அவர் கொண்டுவந்த பார்சுவநாதர் செப்புத்திருமேனி அவ்வூர்க் கோயிலில் இருப்பதாக வழக்கு.

இக்கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வது கடினம். செஞ்சி நாயக்கர் ஆட்சி வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டில். 1478 அதற்கு முந்திய ஆண்டு. தலைவனின் பெயரும் ஒரே மாதிரி வரவில்லை. சில வடிவங்களில் அவன் துபாகி கிருஷ்ணப்ப நாயக்கன் ஆகிறான். 1943இல் செஞ்சி வரலாற்றை எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரி இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார். நாயக்கர் மரபின் தொடக்க ஆண்டுகள் எவ்வளவு குழப்பமானவை என்பதும் அந்நூலைப் படித்தால் புரியும். பெண் கேட்ட அரசன், காலியான வீடு, தூணில் கட்டிய நாய் என்ற கூறுகள் தமிழகத்தில் வேறு பல சமூகங்களின் இடப்பெயர்வுக் கதைகளிலும் வருபவை. அவற்றைச் செஞ்சிக்கு மட்டும் உரியவை என்று கொள்ள வழியில்லை. 1597இல் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கனைச் சந்தித்த சேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா நகரத்தின் செழிப்பைப் பற்றி எழுதினார். அவர் கண்ட அரசன் அயல் மதத்தாரையும் வரவேற்றவன். ஆக, சமணர்மீது ஒரு காலத்தில் கடும் நெருக்கடி வந்தது, பலர் மதம் மாறினார்கள், ஒரு பகுதியினர் திரும்பினார்கள் என்ற அளவுக்குக் கதையை நம்பலாம். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அதற்குச் சான்று. ஆண்டையும் அரசனையும் விட்டுவிடுவதே நல்லது.

ஆனால் கதையை வேறொரு வகையில் படித்தால் அது மிகத் துல்லியமான ஆவணமாகிறது. அதில் வரும் ஊர்களைப் பாருங்கள். வேலூருக்குக் கிணறும் திருமேனியும். தாயனூருக்கு மீட்டுவந்த பெருமை. இந்த ஊர்களின் பெயர் எங்கே திரும்ப வருகிறது? மடாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஊர்ப் பட்டியலில். சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெருமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர் எனத் திண்டிவனம் தாலுகாவில் ஏழு ஊர்களைக் கெசட்டியர் குறிக்கிறது. இவ்வூர்களின் பிரதிநிதிகள் கூடித்தான் சித்தாமூர் பீடத்துக்கு ஆளைத் தேர்ந்தார்கள். அதில் தாயனூர்க் காங்கேய உடையார் குடும்பத்தின் குரலுக்குத் தனி எடை. திருவிழாக்களில் முதல் வெற்றிலை பாக்கும் அக்குடும்பத்துக்கே. எந்த ஊருக்கு என்ன உரிமை, ஏன் உரிமை என்பதைச் சொல்லும் பட்டயமாக இக்கதை பயன்பட்டிருக்கிறது. செப்பேட்டில் எழுத அரசன் இல்லாத சமூகம் தன் உரிமைப் பத்திரத்தைக் கதையாக எழுதிக்கொண்டது என்று நான் கருதுகிறேன். கதை மறக்கப்படாததற்குக் காரணம் அதிலுள்ள துயரம் மட்டுமல்ல. ஒவ்வொரு திருவிழாவிலும் முதல் தாம்பூலத்தைத் தாயனூராரிடம் நீட்டும்போது, ஏன் அவர்களுக்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த அமைப்பின் வலுவைச் சோதிக்க அரசியல் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. செஞ்சிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானியத்திடம் விழுந்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1714இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். எட்டாண்டு முற்றுகை என்றால் சுற்றுவட்டாரத்துத் தானியமும் வைக்கோலும் மாடும் யார் வயிற்றுக்குப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கோட்டையைக் கைப்பற்றியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கோட்டைக்கு அருகிலிருந்த சித்தாமூர் மடம் தொடர்ந்தது. ஒரே அரசனின் கொடையை நம்பியிருந்தால் அந்த அரசனோடு முடிந்திருக்கும். பல ஊர்களில் சிதறிக்கிடந்த சிறு நிலக்காரர்களின் பங்களிப்பை நம்பியிருந்ததால், ஓர் ஊர் பாழ்பட்ட ஆண்டில் இன்னோர் ஊர் தாங்க முடிந்தது.

நடைமுறையில் அது எப்படி இயங்கியது? மடாதிபதி பரிவாரத்தோடு பல்லக்கில் ஊர் ஊராகச் செல்வார். எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்ச் சமணர்கள் செலவை ஏற்பார்கள். அங்கே சமூகத் தகராறுகளை விசாரிப்பார், அபராதம் விதிப்பார், குற்றம் பெரிதானால் விலக்கிவைப்பார். சென்னைக்குத் தெற்கே இருந்த தமிழ்ச் சமணர் அனைவரும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். மைசூர், தென்கன்னடப் பகுதிச் சமணர்மேல் அவருக்கு அதிகாரமில்லை, கொள்வினை கொடுப்பினையும் இல்லை. ஆங்கிலப் பிஷப்பு தம் பங்குகளைச் சுற்றிப் பார்த்து ஒழுக்கக் குற்றங்களை விசாரித்த முறைக்கும் இதற்கும் மேலோட்டமாக ஒற்றுமை தெரிகிறது. அடிப்படையில் வேறுபாடு பெரிது. ஆங்கிலப் பங்குக்குச் சட்டம் பின்னால் நின்றது. தசமபாகம் கொடுக்காதவனை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. சித்தாமூர் பட்டாரகரிடம் இருந்தது பெண் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடும் அதிகாரம் ஒன்றே. சில ஆயிரம் பேருக்குள் மட்டுமே மணவுறவு வைத்துக்கொள்ளும் சமூகத்தில் அதைவிடக் கூர்மையான ஆயுதம் வேண்டியதில்லை.

இவர்கள் வணிகச் சமணர்கள் அல்லர் என்பதும் முக்கியம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் சமணம் என்றால் கடைவீதி நினைவுக்கு வரும். திண்டிவனம் பக்கத்தில் அது ஏரிப்பாசனமும் கரம்பும். உழவில் புழு பூச்சி சாகுமே என்ற கேள்விக்கு இவர்களிடம் பதில் உண்டு: முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரே மக்களுக்குக் கற்றுத்தந்த ஆறு தொழில்களில் உழவும் ஒன்று. இல்லறத்தானுக்கு விதித்தவை அணுவிரதங்கள்தாம், முனிவனின் மகாவிரதங்கள் அல்ல. வட்டாரத்தின் மிகத் திறமையான விவசாயிகள் சிலர் இவர்களே என்று பிரான்சிஸ் பாராட்டுகிறார். ஆண்கள் நயினார், உடையார் என்ற பட்டம் இட்டுக்கொண்டார்கள். கும்பகோணம் பக்கத்து உறவினர்களுக்குச் செட்டியார், முதலியார் என்ற பட்டங்களும் உண்டு. ஏரிக்கரைகளில் விளையும் கோரையை அறுத்துப் பாய் முடைவதில் பெண்கள் கைதேர்ந்தவர்கள். தோற்றத்தில் வேளாளரிடமிருந்து பிரித்தறிவது கடினம். பூணூலும், அடிப்பாகம் சதுரமாகவும் நடுவில் சிவப்புக் கோட்டுக்குப் பதில் புள்ளியும் கொண்ட நாமமும்தான் அடையாளம். இருட்டுமுன் சாப்பிட்டு முடிப்பதை அயலார் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அண்டை வீட்டாரோடு இத்தனை ஒத்துப்போன ஒரு கூட்டம் கரைந்துபோகாமல் இருந்ததற்கு அந்தப் பல்லக்குப் பயணங்கள் ஒரு காரணம்.

கட்டடங்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. மேல்சித்தாமூரில் மலைநாதர் கோயிலைத் தவிர மடத்தை ஒட்டிப் பெரிய பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. அதில் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. அழிவுக் கதை சொல்லும் காலத்துக்கு நூறாண்டுக்குள் இங்கே கட்டுமான வேலை நடந்திருக்கிறது. கோபுரம் 1865இல், அபிநவ ஆதிசேன பட்டாரகர் காலத்தில், மக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்தது. கும்பினி ஆட்சி போய்ப் பிரிட்டிஷ் முடியாட்சி வந்து ஏழே ஆண்டுகள். அரசுக் கொடை என்ற பேச்சுக்கே இடமில்லாத காலத்தில் ஒரு கிராமத்தில் இவ்வளவு உயரக் கோபுரம் நிற்கிறதென்றால், ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த நெல்லும் ரூபாயும்தான் காரணம்.

அதே ஊர்கள் சுவடிகளையும் காத்தன. ‘சூடாமணி நிகண்டு’ செய்த மண்டலபுருடர் பெருமண்டூர்க்காரர் என்பர். திண்ணைப் பள்ளிகளில் அந்த நிகண்டை மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் அரிது. 1887இல் வெளியான சீவகசிந்தாமணிப் பதிப்புக்காக உ. வே. சாமிநாதையர் உழைத்தபோது நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களும், இந்த வட்டாரத்து வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற அறிஞர்களும் சமயக் கருத்துகளை விளக்கியபிறகே பாதை தெளிந்தது. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ‘நீலகேசி’யைப் பதிப்பித்தார். அச்சுக்கு வருமுன் இந்த நூல்கள் பல நூற்றாண்டு வீட்டுப் பரண்களிலும் மடத்து அலமாரிகளிலும் கிடந்தன. ஓலையைப் படி எடுத்துக் கொடுப்பதைச் சாத்திரதானம் என்று புண்ணியச் செயலாக வைத்திருந்த சமூகம் அது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் பதிப்பாசிரியருக்கு அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். படி எடுத்தவனின் ஊர் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

20ஆம் நூற்றாண்டு இந்த அமைப்பின் இரு தூண்களை அசைத்தது. தகராறுகள் திண்டிவனம் முன்சீப் கோர்ட்டுக்குப் போயின. விலக்கிவைக்கும் அதிகாரம் மெல்லப் பொருளிழந்தது. படிப்பில் முன்னேறிய குடும்பங்கள் ஆசிரியர் வேலை, அரசு வேலை என்று திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, சென்னை நோக்கி நகர்ந்தன. நிலம் குத்தகைக்குப் போனது, பிறகு கைமாறியது. பல ஊர்களில் ஜினாலயம் பெரிதாக இருக்கிறது, வீடுகள் குறைந்துவிட்டன. பூசை செய்யும் உபாத்தியாயர் குடும்பம் ஊரில் தங்கினால் கோயில் திறக்கிறது. தேரோட்டத்துக்கு நகரங்களிலிருந்து கார்களிலும் வேன்களிலும் வந்து சேர்கிறார்கள். பட்டாரகர் பீடமும் தொடர்கிறது. ஊரைச் சுற்றி வருபவராக மடாதிபதி இருந்த நிலை மாறி, ஊரைவிட்டுப் போனவர்கள் அவரைத் தேடி வருவதாக ஆகியிருக்கிறது.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் நேர்ந்திருக்கிறது. பிரான்சிஸ் காலத்தில் தென்னார்க்காட்டுச் சமணர் என்றாலே சித்தாமூர்க்காரர்கள் என்று பொருள். மாவட்டமே 1993இல் இரண்டாகப் பிரிந்து இப்பகுதி விழுப்புரத்துக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 89,265 சமணர்கள் என்கிறது. இதில் சென்னைச் சௌகார்பேட்டையின் வடநாட்டு நகைக்கடைக்காரரும் பெருமண்டூர் விவசாயியும் ஒரே வரியில் நிற்கிறார்கள். 2014இல் மத்திய அரசு சமணர்களைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தபோதும் அந்த ஒரே வரிதான் அடிப்படை. தாய்மொழியையும் மதத்தையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை கிடைத்தால் ஓரளவு பிரிக்கலாம். அதுவரை சித்தாமூரின் ஆட்கணக்கைச் சொல்லக்கூடியவர்கள் அந்தந்த ஊர் ஜினாலயத்தில் திருவிழா வரி எழுதி வைத்திருப்பவர்கள்தாம். இவ்வட்டாரத்துக்கு ஒரு பங்கு ஏடு என்று ஏதாவது இருக்குமானால் அந்த வரிக்கணக்கு நோட்டுகளே. ஆய்வாளர் முதலில் படியெடுக்க வேண்டியவையும் அவைதான்.